ஒலியால் செல்லை நகர்த்துவது எப்படி: முதல் சிப்பிலிருந்து முதல் அளவீடு வரை

நுண்ணோக்கியின் கீழே ஒரு வாய்க்கால். அகலம் 375 மைக்ரோமீட்டர். ஐந்து தலைமுடியை ஒட்டி வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. அதற்குள் தண்ணீரில் கரைத்த ஈஸ்ட் பனிமூட்டம்போல் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. பட்டனை அழுத்துகிறீர்கள். காதுக்கு ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் சில நொடிகளில் மூட்டம் இரு ஓரங்களையும் விட்டு விலகி நடுவில் திரள்கிறது; வாசலில் கோலமாவால் இழுத்த கோடு மாதிரி ஒரே வெள்ளைக் கோடு. அணைத்தால் அந்தக் கோடு அப்படியே அடித்துக்கொண்டு போய்விடுகிறது, பின்னால் வருவது மறுபடி மூட்டமாக வருகிறது. இதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். இன்னும் அலுக்கவில்லை.

அந்தக் கோட்டை நீங்களே வரவழைப்பதற்கும், அதைக் கொண்டு செல்களைப் பிரிப்பதற்கும் அளப்பதற்கும் வேண்டிய படிகளை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். கல்லூரி அளவு இயற்பியல் தெரிந்து, ஓர் ஆய்வகத்தில் நுண்ணோக்கியும் சிரிஞ்ச் பம்ப்பும் கிடைக்கும் என்றால் போதும். செல்லுக்குச் சாயம் ஏற்ற வேண்டாம், ஆன்டிபாடி ஒட்ட வேண்டாம், காந்த மணி கட்ட வேண்டாம். செல்லின் பருமன், அடர்த்தி, அது எவ்வளவு அமுங்கும் என்ற மூன்றையும் வைத்தே ஒலி அதைப் பிடித்துத் தள்ளுகிறது. இந்த முறையின் அழகு இதுதான். இதன் கஷ்டமும் இங்கிருந்துதான் வருகிறது: சிப்பின் வெப்பநிலையோ திரவமோ சற்று மாறினாலும் ஒலி கோபித்துக்கொள்ளும். அதனால் செல்லைத் தொடுமுன் சிப்பைப் பழகிக்கொள்ள நேரம் ஒதுக்குங்கள்.

முதலில்: இரண்டு வழிகளில் எது?

சிப்பில் ஒலியைப் பயன்படுத்த இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்றில், சிலிக்கனிலோ கண்ணாடியிலோ செதுக்கிய வாய்க்காலுக்கு அடியில் ஒரு பீசோ தகட்டை (மாறுமின்னழுத்தம் கொடுத்தால் அதிரும் தகடு) ஒட்டி, சிப் முழுவதையும் அதிர வைக்கிறோம். சுவர்களுக்கு நடுவே நிலை அலை உருவாகிறது. இன்னொன்றில், லித்தியம் நயோபேட் படிகத்தின் மேல் சீப்புப் பல் போன்ற உலோக மின்வாய்களை வரைந்து, படிகத்தின் மேற்பரப்பில் மட்டும் அலையை ஓட விடுகிறோம். இந்தச் சீப்பு மின்வாயை 1965ல் ஒயிட், வோல்ட்மர் இருவரும் காட்டினார்கள். மேற்பரப்பு அலையின் கணக்கை ரேலே பிரபு 1885லேயே போட்டுவிட்டார்.

மேற்பரப்பு அலையில் அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போகலாம்; ஒற்றைச் செல்லைப் பிடித்து இங்கிருந்து அங்கே வைக்கலாம். டோனி ஜுன் ஹுவாங் குழு 2012ல் இப்படி ஒரு செல்லையும், முழுப் புழுவான சி. எலிகன்ஸையும் பிடித்து நிறுத்திக் காட்டியது. ஆனால் அதற்குத் தூசியற்ற அறையில் மின்வாய் வரைய வேண்டும், படிகம் உடையும், வெப்பம் ஏறும். முதல் தடவை செய்பவருக்கு நான் சொல்வது முதல் வழியைத்தான். இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதே. சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாரெல் குழு 2000களின் தொடக்கத்திலிருந்து வளர்த்தெடுத்த வடிவம் அது. எளிமையானது, உறுதியானது, கணக்குக்குக் கட்டுப்படுவது.

ஒலி எப்படித் தள்ளுகிறது

1866ல் ஆகஸ்ட் குண்ட் ஒரு கண்ணாடிக் குழாயில் மெல்லிய பொடியைத் தூவி ஒலியை எழுப்பினார். பொடி சம இடைவெளியில் குவியல் குவியலாக ஒதுங்கியது. நம் சி. வி. ராமன் மிருதங்கத் தோலில் மணலைத் தூவி அதிர்வற்ற கோடுகளைக் காட்டியதும் இதே சங்கதிதான். அலை இங்கும் அங்கும் மோதித் திரும்பும்போது சில இடங்களில் அழுத்தம் ஏறி இறங்காமல் நிற்கும். அது அழுத்தக் கணு. அழுத்தம் அதிகபட்சம் ஆடும் இடம் எதிர்க்கணு.

திரவத்துக்குள் ஒரு சிறு துகள் இருந்தால் அலை அதில் பட்டுச் சிதறுகிறது. ஒரு சுற்றில் முன்னும் பின்னுமாக விழும் தள்ளல்கள் முழுதாக ஒன்றையொன்று ஈடுகட்டுவதில்லை. சிறிய மிச்சம் ஒன்று தங்குகிறது. நொடிக்கு 20 லட்சம் தடவை அந்த மிச்சம் கூடிக்கொண்டே போனால் துகள் நகரத்தான் செய்யும். கெட்டியான கோளத்துக்கு இந்தக் கணக்கை 1934ல் லூயி கிங் போட்டார். அமுங்கும் கோளத்துக்கு 1955ல் யோசியோகா, கவாசிமா இருவரும். எந்த அலைவடிவத்துக்கும் பொருந்தும்படி 1962ல் கோர்கோவ்.

எந்தப் பக்கம் நகரும் என்பதை ஒலி மாறுபாட்டுக் காரணி தீர்மானிக்கிறது. துகள் சுற்றியுள்ள திரவத்தைவிட அடர்த்தியாகவும் குறைவாக அமுங்குவதாகவும் இருந்தால் காரணி நேர்மம். துகள் கணுவுக்குப் போகும். அநேகமாக எல்லாச் செல்களும் இந்த ரகம். கொழுப்புத் துளி லேசானது, நன்றாக அமுங்குவது. அதற்குக் காரணி எதிர்மம், அது எதிர்க்கணுவுக்குப் போகும். வாய்க்காலின் அகலம் சரியாக அரை அலைநீளமாக இருந்தால் கணு நடுவிலும் எதிர்க்கணுக்கள் இரு சுவர்களிலும் அமையும். எனவே செல் நடுவுக்கு, கொழுப்பு ஓரத்துக்கு.

லுண்ட் குழு இதை முதலில் பயன்படுத்திய இடங்களில் ஒன்று இதய அறுவை சிகிச்சை. நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவையில் வெளியே கசியும் ரத்தத்தில் கொழுப்புத் துளிகள் கலந்துவிடும். அப்படியே திரும்ப ஏற்றினால் அவை மூளையின் நுண்குழாய்களை அடைக்கலாம். 2004ல் அவர்கள் அந்தச் சூழலை மனத்தில் வைத்து, சிப்பின் நடுவில் சிவப்பணுக்களையும் ஓரத்தில் கொழுப்பையும் ஒதுக்கிப் பிரித்துக் காட்டினார்கள். ஒரே ஒலி, இரண்டு எதிர்த்திசைகள்.

காகிதத்தில் ஒரு மணி நேரம்

எதையும் வாங்குமுன் இந்தக் கணக்கைப் போடுங்கள். நீரில் 25 டிகிரியில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1497 மீட்டர். அதிர்வெண் 2 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 750 மைக்ரோமீட்டருக்கு ஒட்டி வரும். பாதி 375. லுண்ட் சிப்புகளின் அகலம் ஏன் 375 என்று இப்போது தெரிகிறதா?

அடுத்தது விசை. அது துகளின் ஆரத்தின் மும்மடிக்கு நேர்விகிதம். திரவத்தின் இழுவையோ ஆரத்துக்கு மட்டும் நேர்விகிதம். ஆகவே வேகம் ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது. விட்டம் இரட்டிப்பானால் வேகம் நான்கு மடங்கு. செல்களைப் பிரிக்கும் வேலை முழுவதும் இந்த ஒரு வரியில் நிற்கிறது.

ஒரு எண்ணும் பார்த்துவிடலாம். 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் மணிக்கு நீரில் மாறுபாட்டுக் காரணி சுமார் 0.17. வாய்க்காலில் ஒலி ஆற்றல் அடர்த்தி கனமீட்டருக்கு 10 ஜூல் என்று வைத்துக்கொண்டால் (எளிய அமைப்பில் எட்டக்கூடிய அளவுதான்) அதிகபட்ச விசை ஏறத்தாழ 22 பிக்கோநியூட்டன், வேகம் நொடிக்குச் சுமார் 260 மைக்ரோமீட்டர். சுவரருகே தொடங்கிய மணி நடுவுக்கு வர ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். 5 மைக்ரோமீட்டர் மணி என்றால் நான்கு மடங்கு நேரம். ஆற்றல் அடர்த்தி மின்னழுத்தத்தின் இருமடியாக ஏறுவதால், விட்டம் பாதியானால் வோல்ட்டை இரட்டிப்பாக்கினால் ஈடாகிவிடும். மனத்தில் வைத்துக்கொள்ள வசதியான விதி.

வாய்க்கால் ஆழம் 150 மைக்ரோமீட்டர், நீளம் 30 மில்லிமீட்டர் என்று எடுப்போம். நிமிடத்துக்கு 40 மைக்ரோலிட்டர் விட்டால் திரவம் அதைக் கடக்கச் சராசரியாக இரண்டரை நொடி. 10 மைக்ரோமீட்டர் மணிக்கு இது தாராளம். 5 மைக்ரோமீட்டருக்குப் போதாது. ஓட்டத்தைக் குறையுங்கள் அல்லது வோல்ட்டை ஏற்றுங்கள்.

சிப்

வாய்க்காலின் சுவர் ஒலியைத் திருப்பி அடிக்க வேண்டும். அதற்கு ஒலித் தடை (அடர்த்தியை ஒலி வேகத்தால் பெருக்கிய எண்) நீரைவிடப் பல மடங்கு அதிகமான பொருள் தேவை. சிலிக்கனுக்கு அது நீரைப்போல் பத்து மடங்குக்கும் மேல், கண்ணாடிக்குச் சற்றுக் குறைவு. நுண்பாய்ம ஆய்வகங்களில் எல்லோரும் பழகிய சிலிக்கோன் ரப்பர் இந்த வேலைக்கு ஆகாது. அதன் ஒலித் தடை நீரை ஒட்டியே இருப்பதால் ஒலி சுவருக்குள் புகுந்து கரைந்துவிடும், ரப்பர் சூடாகும். ரப்பர் சிப்பின் அடியில் பீசோவை ஒட்டிவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று வாரக்கணக்கில் தவித்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

சிலிக்கன் வேஃபரில் வாய்க்காலைச் செதுக்கி, மேலே போரோசிலிகேட் கண்ணாடியை வெப்பமும் மின்னழுத்தமும் கொடுத்து ஒட்ட வைப்பது வழக்கமான முறை. இந்தியாவில் பெங்களூரு ஐஐஎஸ்சி, மும்பை ஐஐடி போன்ற இடங்களின் நானோ தயாரிப்புக் கூடங்கள் வெளி ஆய்வாளர்களுக்கும் திறந்திருக்கின்றன, வரைபடத்தோடு விண்ணப்பிக்கலாம். வரையும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். வாய்க்காலின் முடிவில் மூன்று கிளை வையுங்கள்: நடுக்கிளை கோட்டை எடுத்துக்கொள்ள, இரு ஓரக் கிளைகள் மிச்சத்தை எடுத்துப் போக. வயலில் மடை பிரிப்பது போலத்தான். நுழைவிலும் அதேபோல் மூன்று கிளை இருந்தால் பின்னால் பிரித்தெடுக்கும் வேலைக்கு உதவும்.

அவ்வளவு பணமோ நேரமோ இல்லை என்றால் உள்ளளவு 0.4 மில்லிமீட்டர் உள்ள சதுரக் கண்ணாடி நுண்குழாய் ஒன்றை வாங்குங்கள். கணக்குப்படி 1.87 மெகாஹெர்ட்ஸ் அருகே அது பாட வேண்டும். கண்ணாடிச் சுவரின் தடிமனால் கொஞ்சம் தள்ளிப்போகும், தேடிப் பிடிக்கலாம். பிரித்தெடுக்க முடியாது. ஆனால் கோடு வரும், அளவீடும் செய்யலாம். மாணவர்களுக்கு முதலில் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

பீசோ தகடு லெட் சிர்கோனேட் டைட்டனேட்டால் ஆனது. 1 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் 2 மெகாஹெர்ட்ஸ் அருகே அதிரும். அதில் ஈயம் இருக்கிறது. வெட்டினாலோ தேய்த்தாலோ தூளை மூச்சில் இழுக்காதபடி ஈரமாக வைத்துச் செய்யுங்கள். வயரைச் சால்டர் செய்யும்போது சட்டென்று தொட்டு எடுங்கள். நெடுநேரம் சூடு காட்டினால் தகடு தன் குணத்தை இழந்துவிடும். ஒட்டுவதற்கு எப்பாக்ஸியோ உடனடிப் பசையோ, மிக மெல்லிய படலமாக. பசையில் காற்றுக்குமிழி சிக்கினால் அந்த இடத்தில் ஒலி செத்தது. முதல் நாள் பரிசோதனைக்கு ஒரு துளி கிளிசரின் போதும். பிடிக்கவில்லை என்றால் கழற்றி வேறு இடத்தில் வைக்கலாம்.

மின்சாரப் பக்கம்

சிக்னல் ஜெனரேட்டர், சில மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும் ஆம்ப்ளிஃபையர், ஆசிலோஸ்கோப். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். ஜெனரேட்டரின் திரையில் 10 வோல்ட் என்று இருக்கும். பீசோவில் அது இருக்காது. ஒத்ததிர்வில் பீசோவின் மின்தடுப்பு வெகுவாக இறங்கி, ஜெனரேட்டரை மூச்சுத் திணற வைத்துவிடும். ஆகவே பீசோவின் இரு முனைகளில் நேரடியாக அளந்து, அந்த எண்ணைத்தான் நோட்டில் எழுத வேண்டும். இரண்டு ஆய்வகங்களின் முடிவுகள் ஒத்துப்போகாமல் போவதற்கு இது ஒரு சாதாரணக் காரணம்.

சிப்பில் வாய்க்காலுக்கு அருகே ஒரு சிறிய வெப்பநிலை உணரியை ஒட்டுங்கள். முடிந்தால் அடியில், மின்சாரத்தால் குளிர்விக்கும் பெல்டியர் தகடும் வையுங்கள். நீரில் ஒலியின் வேகம் 25 டிகிரி அருகே ஒரு டிகிரிக்கு நொடிக்கு 2.7 மீட்டர்போல் ஏறுகிறது. பீசோ சூடாகிச் சிப் 10 டிகிரி ஏறினால், நீரை மட்டும் கணக்கில் எடுத்தாலே ஒத்ததிர்வு சுமார் 36 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். ஒத்ததிர்வின் அகலமே பெரும்பாலும் பத்து கிலோஹெர்ட்ஸ் சுமார்தான். காலையில் பிரமாதமாக இருந்த கோடு மத்தியானம் கலைந்துபோனால் செல்லைச் சந்தேகிக்காதீர்கள், தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

மணிகளோடு ஒரு நாள்

இதுதான் முக்கியமான நாள். 5, 10 மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீன் மணிகளை வாங்கிக்கொள்ளுங்கள். ஒளிரும் வகையாக இருந்தால் கண்ணுக்குச் சுலபம். நீரில் ஒரு சொட்டு ட்வீன் 20 (சோப்பு போன்ற பொருள்) கலக்கினால் ஒன்றோடொன்று ஒட்டாது.

முதலில் எத்தனாலை விட்டுக் குமிழிகளை விரட்டுங்கள், பிறகு காற்று நீக்கிய தண்ணீர், அப்புறம் மணிகள். வாய்க்காலில் ஒரு குமிழி மாட்டினாலும் ஒலி முழுவதையும் அது வாரிக்கொண்டு, சுற்றிலும் சுழலை எழுப்பும். குமிழியோடு எடுத்த எந்த அளவீட்டையும் நம்ப வேண்டாம்.

ஓட்டத்தை நிறுத்துங்கள். சிறிய வோல்ட்டில், 1.8 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 2.2 வரை 5 கிலோஹெர்ட்ஸ் படிகளாக ஏறுங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு நொடி ஒலி, பிறகு மணிகளைக் கலைத்துவிட்டு அடுத்தது. பெரும்பாலான இடங்களில் மணிகள் சும்மா இருக்கும். ஓரிடத்தில் லேசாக அசையும். சட்டென்று ஒரு படியில், யாரோ கூப்பிட்ட மாதிரி எல்லாம் நடுவுக்கு ஓடும். அந்த இடத்தைச் சுற்றி 1 கிலோஹெர்ட்ஸ் படிகளாக மறுபடி தேடி, எங்கே வேகம் அதிகமோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பநிலையையும் கூடவே எழுதுங்கள். அது இல்லாத அதிர்வெண் பாதித் தகவல்தான்.

நடுக்கோட்டுக்குப் பதில் சில இடங்களில் மணிகள் முடிச்சு முடிச்சாகக் கூடி, ஓட்டத்தையே எதிர்த்து நிற்கலாம். நீளவாக்கிலும் அலை உருவாகிவிட்டது என்று அர்த்தம். பக்கத்து அதிர்வெண்களில் முயன்று பாருங்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் அதிர்வெண்ணை ஒரே இடத்தில் நிறுத்தாமல், ஒத்ததிர்வின் இருபுறமும் 50 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு மில்லிநொடிக்கு ஒரு தடவை ஓட விடுங்கள். முடிச்சுகள் கரைந்து கோடு சீராகும். விசை கொஞ்சம் குறையும்.

இப்போது ஓட்டத்தைத் தொடங்கி, வோல்ட்டை 2 வோல்ட் படிகளாக ஏற்றி, ஒவ்வொரு அளவிலும் கோட்டின் அகலத்தைப் படம் எடுங்கள். மணிகளின் பாதையைத் தடம் பிடித்து வேகத்தைக் கணக்கிட்டால் ஆற்றல் அடர்த்தி கிடைத்துவிடும். வோல்ட்டின் இருமடிக்கு எதிராக அதை வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். உயர் வோல்ட்டில் கோடு வளைந்து தாழ்ந்தால் சிப் சூடாகிறது. இந்த வரைபடம் உங்கள் சிப்பின் ஜாதகம். பிறகு செல்களோடு செய்யப்போகும் எல்லாக் கணக்கும் இதை நம்பித்தான்.

ஒரு மைக்ரோமீட்டர் மணிகளையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அவை கோடாகாது; நடுவுக்கு வந்து, மேலே ஏறி, ஓரத்துக்குப் போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒலி திரவத்தையே சுழற்றுகிறது. ஒலியோட்டம் என்பது இதுதான். ரேலே 1884ல் குண்ட் குழாயின் காற்றில் விளக்கிய அதே சுழல். 2 மெகாஹெர்ட்ஸில், நீரில், ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டருக்குக் கீழே துகளை ஒலியைவிடச் சுழல்தான் ஆளும். பாக்டீரியாவை இந்தச் சிப்பில் சேர்ப்பது ஏன் கடினம் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

பால், பிறகு ஈஸ்ட்

செல்லுக்குப் போகுமுன் பாலைச் சோதியுங்கள். கறந்த பசும்பாலை ஐம்பது மடங்கு நீரில் கலந்து, மெல்லிய வலையில் வடிகட்டி விடுங்கள். ஒலியைத் திறந்தால் கொழுப்புத் துளிகள் நடுவை விட்டு விலகி இரு சுவர்களிலும் ஒட்டிக்கொண்டு ஓடும். மாறுபாட்டுக் காரணியின் குறி மாறுவதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பிறகு ஹோமோஜனைஸ் செய்த பாக்கெட் பாலை விடுங்கள். ஒன்றும் ஒதுங்காது. அதில் கொழுப்பை ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழாக உடைத்திருப்பார்கள். சுழல் அதை விடுவதில்லை. லுண்ட் குழு கறந்த பாலிலிருந்து கொழுப்பை ஒலியால் ஒதுக்கித் தரப் பரிசோதனைக்குத் தயார்செய்யும் சிப் ஒன்றையும் 2009ல் வெளியிட்டது.

அடுத்து பேக்கரி ஈஸ்ட். உயிருள்ள செல், நாலைந்து மைக்ரோமீட்டர், மளிகைக் கடையில் கிடைக்கும், ஆபத்தில்லை. வெதுவெதுப்பான நீரில் கரைத்து 40 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து விடுங்கள். சர்க்கரை போடாதீர்கள், புளித்து வாயு வந்தால் குமிழிதான் மிஞ்சும். முதல் பத்தியில் சொன்ன கோடு இதுதான்.

மனித, விலங்குச் செல்கள்

ரத்தமோ வளர்ப்புச் செல்லோ எடுக்குமுன் நிறுவனத்தின் அனுமதியும் உயிரிப் பாதுகாப்பு ஏற்பாடும் இருக்க வேண்டும். செல்களை ஐசோடானிக் பஃபரில், அரை சதவீத அல்புமினோடும் 2 மில்லிமோலார் ஈடிடிஏவோடும் வையுங்கள், ஒட்டாமல் இருக்கும். வளர்ப்புச் செல் என்றால் மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் என்ற அளவில் தொடங்குங்கள். முழு ரத்தத்தை அப்படியே விடாதீர்கள். பத்திலிருந்து இருபது மடங்கு நீர்த்துவிடுங்கள். அதன் பருமனில் நாற்பது சதவீதத்துக்கு மேல் சிவப்பணுதான், நகர இடமே இருக்காது.

பஃபரில் ஒலியின் வேகம் தண்ணீரைவிடச் சற்று அதிகம். எனவே ஒத்ததிர்வை மறுபடி தேட வேண்டும். நேற்றைய எண்ணை அப்படியே போட்டுவிட்டுச் செல் நகரவில்லை என்று சொல்வது அடிக்கடி நடக்கிற தவறு.

செல்லுக்கு ஒலி தீங்கு செய்யுமா என்று எல்லோரும் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். மேலே சொன்ன ஆற்றல் அடர்த்தியில் அழுத்த வீச்சு சுமார் 0.3 மெகாபாஸ்கல், செல் வாய்க்காலில் இருப்பதோ சில நொடி. வெள்ளையணு, மூளையின் மைக்ரோக்ளியா, கட்டிச் செல் எல்லாவற்றையும் இத்தகைய சிப் வழியே ஓட்டிப் பார்த்து, அவற்றின் உயிரும் செயலும் கெடவில்லை என்று 2013ல் லுண்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனாலும் உங்கள் சிப்பில் நீங்களே சோதியுங்கள். ஒரே செல் கலவையை மூன்றாகப் பிரியுங்கள்: சிப்புக்குள் போகாதது, ஒலியில்லாமல் சிப் வழியே போனது, ஒலியோடு போனது. மூன்றையும், செத்த செல்லில் மட்டும் ஏறும் சாயமான டிரைபான் நீலத்தில் எண்ணுங்கள். நடுவில் சொன்னதை விட்டுவிட்டால், பம்ப்பும் குழாயும் கொன்ற செல்லின் பழி ஒலியின் மேல் விழும். வெப்பம் 37 டிகிரியைத் தாண்டவே கூடாது.

பிரித்தெடுப்பது

மாதிரியை இரு ஓர நுழைவுகளில் விடுங்கள், நடுவில் சுத்தமான பஃபர். பெரிய செல் சீக்கிரம் நடுவுக்குத் தாண்டும், சிறியது ஓரத்திலேயே தங்கும். மூன்று கிளையில் பிரிந்து போகும். வெள்ளையணு ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர், தட்டணு இரண்டு மூன்று மைக்ரோமீட்டர். இருமடி விதிப்படி வேகத்தில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம், ஆகவே பிரிப்பது சுலபம். ஆனால் ரத்தத்தில் சுற்றும் புற்றுச் செல்லை வெள்ளையணுவிடமிருந்து பிரிப்பது அப்படியில்லை; இரண்டின் பருமனும் ஒன்றின்மேல் ஒன்று படியும். அங்கே எல்லாச் செல்லும் ஒரே இடத்திலிருந்து ஓடத் தொடங்குவது அவசியம். பிரதான வாய்க்காலுக்கு முன்னால் குறுகலான இன்னொரு பகுதியில், இரட்டை அதிர்வெண்ணைவிடச் சற்று அதிகமான ஒலியில், செல்களை முன்கூட்டியே அகலத்திலும் ஆழத்திலும் வரிசைப்படுத்தி அனுப்புவார்கள். ஓட்டப் பந்தயத்தில் எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்துவது மாதிரி.

இங்கே ஒரு மறைந்த பள்ளம் உண்டு. ஒலி துகளை மட்டும் தள்ளுவதில்லை; திரவத்தையும் தள்ளும். ஒலித் தடை அதிகமான திரவம் நடுவுக்கு வர விரும்பும். உங்கள் நடுப் பஃபர் ஓர மாதிரியைவிட இலேசானதாக இருந்தால், ஒலியைத் திறந்ததும் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். பெரியது சிறியது எல்லாம் ஒன்றாக நடுவில் போய்ச் சேரும். வெளியே எடுத்துப் பார்த்தால் எதுவுமே பிரிந்திருக்காது. நடுப் பஃபரில் அடர்த்தியை ஏற்றும் அயோடிக்ஸனாலோ ஃபிகாலோ கொஞ்சம் கலந்து சற்றுக் கனமாக்குவது மருந்து. சென்னை ஐஐடியில் கார்த்திக்கும் ஆஷிஸ் குமார் சென்னும் இந்த இடமாற்றத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். 2018ல் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரிக்கும் ஒலிச் சிப்பையும் வெளியிட்டார்கள்.

செல்லை அளப்பது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பிரிப்பது ஒரு வேலை. செல்லின் உடல் எப்படிப்பட்டது என்று கேட்பது இன்னொன்று.

எளிய முறை: பருமன் தெரிந்த மணிகளையும் செல்களையும் ஒன்றாகக் கலந்து, ஓட்டத்தை நிறுத்தி, ஒலியைத் திறந்து, இரண்டின் பாதையையும் படமெடுங்கள். மணியின் பாதையிலிருந்து அந்த இடத்து ஆற்றல் அடர்த்தி கிடைக்கும். அதை வைத்துப் பக்கத்துச் செல்லின் பாதையிலிருந்து அதன் மாறுபாட்டுக் காரணி கிடைக்கும். செல்லின் பருமனைப் படத்திலேயே அளக்கலாம். அடர்த்தியை அடர்த்திச் சரிவு மையவிலக்கில் தனியாகப் பார்த்துக்கொண்டால் மிச்சம் நிற்பது அமுங்குதன்மை ஒன்றுதான். விட்டத்தில் பத்து சதவீதப் பிழை என்றால் வேகக் கணக்கில் இருபது சதவீதம் ஆகிவிடும் என்பதால் விளிம்பைக் கூர்மையாகக் குவியுங்கள். குறைந்தது நூறு செல்லையாவது பாருங்கள். சராசரியை மட்டும் சொல்லாமல் பரவலையும் காட்டுங்கள்.

பருமனே குறுக்கே வராத ஒரு வழியும் உண்டு. பெர் ஆகஸ்ட்சன் குழு 2016ல் வெளியிட்டது. வாய்க்காலின் ஓரத்திலிருந்து நடுவரை ஒலித் தடை படிப்படியாக ஏறும்படி அயோடிக்ஸனால் சரிவை அமைக்கிறார்கள். செல் நடுவை நோக்கி நகர நகரச் சுற்றியுள்ள திரவம் அதன் குணத்தை நெருங்குகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் மாறுபாட்டுக் காரணி பூச்சியம், விசை நின்றுவிடும், செல்லும் நின்றுவிடும். நிற்கும் இடத்தைப் பார்த்தால் செல்லின் ஒலித் தடையைப் படித்துவிடலாம். பெரிய செல் சீக்கிரம் வரும், சிறியது மெதுவாக வரும். ஆனால் ஒரே குணம் என்றால் இரண்டும் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

இன்னும் இரண்டு திசைகள் உண்டு. ஸ்டாக்ஹோமில் கேடிஹெச் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் விக்லண்ட், பியோர்ன் ஓன்ஃபெல்ட் ஆகியோரின் குழுக்கள் சிப்பில் நூறு சிறு குழிகளைச் செய்து, ஒவ்வொன்றிலும் நோயெதிர்ப்புக் கொல்லி செல்களையும் புற்றுச் செல்களையும் ஒலியால் ஒன்றாகக் கூட்டி, யார் யாரைக் கொல்கிறார் என்று மணிக்கணக்கில் படமெடுக்கின்றன. ஆம்ஸ்டர்டாமில் 2015ல் ஒரு குழு ஒலியால் மணியை இழுத்து டிஎன்ஏ இழையின் விசையை அளந்தது. அதே உத்தி பிறகு, சிகிச்சைக்காக மாற்றியமைத்த டி செல் புற்றுச் செல்லை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்று பார்க்கவும் பயன்பட்டது: விசையை மெல்ல ஏற்றி, எந்த அளவில் பிடி விடுகிறது என்று எண்ணுவது.

வேலை முடிந்ததும்

ஒலியை அணைத்துவிட்டு பஃபரை ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். அப்புறம் நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட், நிறையத் தண்ணீர், கடைசியில் 70 சதவீத எத்தனால். ஹைப்போகுளோரைட்டும் எத்தனாலும் குழாய்க்குள் சந்திக்கவே கூடாது, நடுவில் விடும் தண்ணீரில் சிக்கனம் வேண்டாம். ரத்தம் காய்ந்து ஒட்டிய வாய்க்காலை மீட்பது நடக்காத காரியம். அதனால் இதை மறுநாளைக்குத் தள்ளாதீர்கள். ஒவ்வொரு வாரமும் அதே 10 மைக்ரோமீட்டர் மணியை ஒரு தடவை ஓட்டி, அதே வோல்ட்டில் அதே ஆற்றல் அடர்த்தி வருகிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் பசை விலகத் தொடங்கியிருக்கும். சிப்பைப் பெட்டியில் வைக்கும்போது மூடியின் மேல் தேதி, அதிர்வெண், வெப்பநிலை, பஃபரின் பெயர் ஆகியவற்றை எழுதி ஒட்டிவிடுங்கள்.